நாப்பதுன்னு சொல்லி முப்பதுல கூப்பிடு

நாப்பது நிமிஷம்னு சொல்லு, முப்பதுல கூப்பிடு, இந்த ராட்டினப் பார்க் ஓட்டல் வாசல்ல வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கே மேனேஜர் சொல்லிக்குடுத்தது, பத்து கூட்டிச் சொன்னா முன்னாடியே கூப்பிடும்போது ஜனங்களுக்கு வாயெல்லாம் பல்லு... அப்படியிருக்க மககிட்ட மட்டும் ஏன் குறைச்சுக் குறைச்சே சொன்னா அவ? அடுத்த மாசம் வந்துருவேன் கண்ணு, பதினாலு மாசமா அதே அடுத்த மாசம், ஏழு வயசுல ஊர்ல அக்காகிட்ட விட்டுட்டு வந்த பிள்ளைக்கு எட்டு முடிஞ்சாச்சு. "ஏம்மா, உள்ள நாலு மேசை காலியாக் கெடக்கு, கண்ணு தெரியலையா?" தொப்பி போட்ட ஒருத்தர், பின்னாடி மூணு பிள்ளைங்க, அது ரெண்டு மாசம் முன்னாடியே புக் பண்ணவங்களுக்கு சார், ராட்டின வரிசையில மாட்டியிருப்பாங்க, பதினஞ்சு நிமிஷத்துல வரலைன்னா உங்களுக்குத்தான்... "அப்போ ரெண்டு மாசம் முன்னாடியே பசிக்கணும்ங்கிறே?" வரிசையே சிரிச்சுது, அவளும் சிரிச்சா, முறை வந்தா மினுக்குற டப்பாவை அவர் கையில வெச்சா. இவர் எங்கயும் போகமாட்டார். சண்டை போடுறவங்க இருந்து சாப்பிட்டுத்தான் போவாங்க, எவ்வளவு நேரம்னு கேட்டுட்டு, சொன்னதும் சரின்னு தலையாட்டிட்டுப் போறாங்களே, அவங்கதான் திரும்ப வர்றதில்ல, டப்பா ஏதாவது பெஞ்சு மேல கெடந்து தனியா மினுக்கிட்டிருக்கும்...

காலையிலதான் இன்னொரு வருஷம் இங்கயே வேலை பார்க்கக் கையெழுத்துப் போட்டா, இந்தத் தடவை கூட்டியே சொல்லிடலாம், ஒரு வருஷத்தை ரெண்டுன்னு சொல்லிட்டா முன்னாடியே போய் நிக்கும்போது குதிப்பாளே? ரெண்டு வருஷம் ஆகும்டா தங்கம்னு கல்லாவுக்குப் பின்னாடி குனிஞ்சு போன்ல பேசிப் பதிஞ்சு அக்கா போனுக்கு அனுப்பிட்டா. அழுவா, பொய்க்காரி, உன்கூட டூன்னு கத்துவா, போன தடவை அப்படித்தான், அக்கா திட்டினா, ஒரு மணி நேரம் நான்தான் சமாதானம் பண்ணேன், நீ போனே பண்ணாதேடின்னு, பரவாயில்ல, கத்தட்டும்... பாக்கெட்ல போன் அதிர்ந்துச்சு, காதுல வெச்சா, டிவி சத்தம், யாரோ பாத்திரம் தேய்க்கிற சத்தம், அப்புறம் மக குரல். "சரிம்மா." அவ்வளவுதானா? திரும்பப் போட்டுக் கேட்டா. அவ்வளவுதான், சரிம்மா, அழுகையில்ல, ஏன்னு ஒரு கேள்வியில்ல...

"இன்னும் எவ்வளவு நேரம்தாம்மா?" தொப்பிக்காரர், டப்பாவை ஆட்டிக்கிட்டு, இதோட மூணாவது தடவை. எத்தனை தடவை வேணும்னாலும் வந்து கேளுங்க சார்னு சொல்லணும் போல இருந்துச்சு அவளுக்கு.