நாற்பத்தெட்டு எண்கள்

மடிக்கணினியின் உள்ளே விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. ஓரத்தில் விளக்கும் எரிந்தது. திரை மட்டும் கரியாக இருண்டு கிடந்தது. பழுது பார்ப்பவர் அதைக் கவிழ்த்து அடிமூடியைக் கழற்றிக்கொண்டே, "யாரு கை வச்சது?" என்று கேட்டார்.

"என் மச்சினன்," என்றார் மூட்டைக்காரர். இருபத்தாறு வருஷமாகக் கிடங்கில் சுமை தூக்குகிறவருக்கு அந்தப் பேர்தான் நிலைத்திருந்தது. "லாரி ஓட்டுறான். ஆனா அவனுக்குத் தெரியாத வேலைன்னு உலகத்துல ஒண்ணு கிடையாது. அவனையே கேட்டுப்பாருங்க."

பக்கத்து ஸ்டூலில் கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவள் வேலை பார்த்த சலவைக்கூடத்தில் அவளை ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். மிஷின் நின்றாலும் அவள் வாய் நிற்காது. ஒன்றரை மாசத்துக்கு முன்னால் தொண்டையில் புற்று என்று குரல்வளையையே எடுத்துவிட்டார்கள்.

எடுப்பதற்கு முன்பே ஆஸ்பத்திரியில் ஒரு பெண் சொல்லியிருந்தாள்: முந்நூறு வாக்கியத்தைப் பேசிப் பதிந்து வைத்தால் போதும், பிற்பாடு திரையில் உள்ள படத்தைத் தொட்டால் கணினி இவள் குரலிலேயே பேசும். மனைவிக்குப் படிக்கத் தெரியாது. மூட்டைக்காரரோ நாற்பத்தைந்து வயசுக்கு மேல் எழுத்துக்கூட்டப் பழகியவர். அவர் கூட்டிக்கூட்டி வாசிக்க, அவள் திருப்பிச் சொன்னாள். "கதவைத் தி... திற..." என்று அவர் இழுத்தால், "நீ திறக்கிறதுக்குள்ள திருடன் வந்துட்டுப் போயிருவான்யா" என்பாள். அதுவும் சேர்ந்தே இந்தக் கணினியில் பதிந்தது. பதிந்து முடிக்கப் பதினெட்டு நாள் ஆயிற்று.

நேற்று, ஆஸ்பத்திரியில் கொடுத்த மென்பொருளைக் கணினி ஏற்க மாட்டேன் என்றது. மச்சினன் வந்து பார்த்தான். "பாதுகாப்புன்னு ஒண்ணு வழியை மறிக்குது மாமா. அதைத் தூக்கிட்டா வேலை முடிஞ்சுது." கணினி விழிக்கும்போதே ஒரு பொத்தானை அமுக்கி உள்ளே போனான். ஒன்றை அணைத்தான், ஒன்றை அழித்தான், கேட்டதற்கெல்லாம் சரி சரி என்று கொடுத்தான். அதோடு திரை வரவில்லை.

"லாரியில பிரேக் வழியை மறிச்சா அதையும் கழட்டிப் போட்டுருவாரோ?" என்றார் பழுது பார்ப்பவர்.

மனைவியின் தோள் குலுங்கியது. சிரிப்புதான். சத்தம் இல்லை.

பழுது பார்ப்பவர் உள்ளே இருந்த மின்சுற்றுப் பலகையிலிருந்து காசு அளவு பேட்டரி ஒன்றை நெம்பி எடுத்தார். கொஞ்ச நேரம் விட்டுத் திரும்பப் பொருத்தி, பொத்தானை அரை நிமிஷம் அழுத்திப் பிடித்தார். ஒன்றுமில்லை. மறுபடி செய்தார். மூன்றாம் தடவை திரை வெளுத்தது. மனைவி மூட்டைக்காரரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

வந்தது நீலப் பக்கம். நடுவில் வெறும் கட்டம்.

"நாற்பத்தெட்டு எண் கேட்குது," என்றார் பழுது பார்ப்பவர். "எல்லாம் பதிஞ்சிருக்கிற வட்டு பூட்டியிருக்கு. உள்ள ஒரு சின்ன சிப்பு அதோட சாவியை வச்சிருந்துச்சு. உங்க மச்சினன் அழிச்சது அதைத்தான். இனி அந்த எண்ணு ஒண்ணுதான் வழி. வாங்கும்போது தாள்ல குடுத்திருப்பாங்களே?"

கொடுத்தார்கள். பத்திரமான இடத்தில் வையுங்கள் என்றும் சொன்னார்கள். மூட்டைக்காரர் வீடு ஒற்றை அறை. மழை வந்தால் பாயைக்கூடச் சுருட்டிக்கொண்டு இடம் மாற வேண்டும். அந்த அறையில் நனையாத, எலி கடிக்காத, பூட்டுப் போட்ட சாமான் ஒன்றே ஒன்றுதான். எண் தட்டப் பழகிய புதுசு வேறு. ஒற்றை விரலால் நாற்பத்தெட்டையும் தட்டி, மூன்று தடவை சரிபார்த்து, கணினிக்குள்ளேயே சேமித்தார். யார் கையிலும் சிக்கிவிடக் கூடாதென்று தாளைச் சுக்கல்சுக்கலாகக் கிழித்துச் சாக்கடையில் விட்டார்.

"எங்க இருக்கு?"

"உள்ள."

"எதுக்குள்ள?"

மூட்டைக்காரர் மேசையில் கிடந்த கணினியைக் காட்டினார்.

பழுது பார்ப்பவர் சிரிக்கவில்லை. "இணையத்துல கணக்கு ஏதாச்சும்?"

"வீட்டுல இணைப்பே கிடையாதுங்க."

"வித்தவர்?"

"கடையைக் காலி பண்ணிட்டுப் போயிட்டார்."

"வேற நகல்?"

"நேத்துதான் ஆஸ்பத்திரிக்கு ஒண்ணு குடுத்து அனுப்புறதா இருந்துச்சு."

அவர் திருப்புளியைக் கீழே வைத்தார். "ஐயா, பார்க்கிறேன் பார்க்கிறேன்னு உங்களை நாலு நாள் அலைய விடலாம். எனக்கு மனசு வரலை. இதை யாராலயும் திறக்க முடியாது. சுத்தமா அழிச்சுட்டுப் புதுசா ஏத்தினா நல்லா ஓடும். செய்யட்டுமா?"

மூட்டைக்காரர் வாயைத் திறப்பதற்குள் மனைவியின் கை கணினி மேல் வந்து விழுந்தது. நகரவில்லை.

"வேண்டாம்," என்றார் மூட்டைக்காரர். "அப்படியே இருக்கட்டும்."

வெளியே பஸ்களும் வண்டிகளும் இரைந்துகொண்டிருந்தன. கணினிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு மூட்டைக்காரர் முன்னால் நடந்தார். என்ன சொல்வது, எப்படி ஆரம்பிப்பது என்ற யோசனையிலேயே தெருமுனை வரை வந்துவிட்டார். "நான்தான் கெடுத்தேன்" என்று சொல்லித் திரும்பினால் பக்கத்தில் ஆள் இல்லை.

ஓடினார். பாதித் தெருவில், அறுந்த செருப்பு ஒரு காலில் தொங்க, அவள் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கையையும் தட்டியபடி இருந்தாள். எவ்வளவு நேரமாகத் தட்டினாளோ, உள்ளங்கை சிவந்திருந்தது.

மூட்டைக்காரர் பையைத் தரையில் வைத்துவிட்டு, செருப்பு வாரைப் பார்க்கக் குனிந்தார்.