லெஃப்ட் அக்காவின் டென்னிஸ் மட்டை

மருத்துவமனையில் அவளை எல்லோரும் லெஃப்ட் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ரத்தம் எடுக்கும் அறையில் பத்தொன்பது வருடமாக இடது கையால் ஊசி போட்டு வருகிறவள். முதல்முறை வருகிற நோயாளிகள் ஊசி எந்தக் கையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கொஞ்சம் நெளிவார்கள். "பயப்படாதீங்க, இந்தக் கைக்கு வழி தெரியும்" என்பாள். அவர்கள் சிரித்து முடிப்பதற்குள் குழாயில் ரத்தம் ஏறியிருக்கும்.

டென்னிஸ் அவளுக்கு நாற்பத்து நான்காம் வயதில் வந்தது. அவளாகத் தேடிப் போகவில்லை. வருடாந்திரப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் வந்து நின்றது. தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர். ஒரு வாரம் நடந்தாள், சலித்துப் போனது. அதே மருத்துவமனையின் மருந்துக் கவுன்டரில் அவளுடைய நாத்தனார் வேலை பார்த்தாள். கணவருக்கு ஒரே தங்கை, வாய் ஓயாதவள்.

"மதில் சுவத்தையே பாத்துக்கிட்டு எத்தனை நாளைக்கு நடப்பீங்க அண்ணி? ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி டென்னிஸ் கோர்ட் சும்மாதானே கெடக்கு. வாங்க, ஒரு பந்தைத் தொரத்திக்கிட்டு ஓடுவோம். ஓடுற மாதிரியே தெரியாது."

நாத்தனார் வீட்டுப் பரணிலிருந்து இரண்டு பழைய மட்டைகள் இறங்கின. கொஞ்சம் நல்லதை நாத்தனார் எடுத்துக்கொண்டாள். மற்றது லெஃப்ட் அக்காவுக்கு.

நாலு மாதத்தில் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஓட்டம் பிடித்துப் போயிற்று, பந்து மட்டையின் நடுவில் படும்போது எழும் அந்த 'டொப்' சத்தம் அதைவிடப் பிடித்துப் போயிற்று. ஒரே தொல்லை, மட்டையின் கைப்பிடியில் சுற்றியிருந்த பழைய கிரிப். வெயிலில் கிடந்த செருப்பு மாதிரி வெடித்து, கறுப்புத் தூளாக உதிர்ந்தது. ஒருநாள் காலையில் ஆடிவிட்டு நேராக வேலைக்கு வந்தவள், எவ்வளவு தேய்த்துக் கழுவியும் போகாத கறுப்பைக் கையுறைக்குள் மறைக்கப் போனாள். எதிரில் உட்கார்ந்திருந்த பெரியவர் பார்த்துவிட்டார். "ஏம்மா, அடுப்படியிலேருந்து நேரா வர்றியா?" என்று கேட்டார்.

அன்று சாயங்காலம் மட்டையைக் கணவரிடம் காட்டினாள்.

கணவர் ஒயர்மேன். அந்த வட்டாரத்தில் எந்த வீட்டில் விளக்கு எரியாவிட்டாலும் அவருக்குத்தான் போன் வரும். வேலையில் அவருக்கு எதில் பெருமை என்று கேட்டால், டேப் சுற்றுவதில் என்பார். "நான் சுத்தின ஜாயின்ட் பிரிஞ்சதா ஒருத்தன் சொல்லட்டும், நான் வேலையை விட்டுடறேன்" என்று சொல்லிக்கொண்டிருப்பார். யாரும் இதுவரை சொன்னதில்லை.

மட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவ்ளோதானே? நம்ம வேலைதான் இது" என்று இன்சுலேஷன் டேப்பை எடுத்தார்.

"ஏங்க, அது வேணாங்க. இதுக்குன்னு தனியா விக்குது. உங்க தங்கச்சியே வாங்கிக் குடுத்திருக்கா."

அவள் நீட்டிய பொட்டலத்தில் மெல்லிய வெள்ளைச் சுருள் இருந்தது. அவர் அதற்கு மரியாதை கொடுத்தார். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரித்தார். கூரான முனையைக் கைப்பிடியின் அடியில் வைத்து, இழுத்துப் பிடித்து, ஒரு சுற்றின் மேல் அடுத்த சுற்று ஒரு நூல் ஏறுகிற மாதிரி மேலே கொண்டுபோனார். ஒரு சுருக்கம் இல்லை. உச்சியில் சின்ன டேப்பை ஒட்டி, நகத்தால் ஒரு தேய்ப்புத் தேய்த்தார். பார்த்தால் கடையில் தொங்குகிற புது மட்டை.

மைதானத்தில் எல்லோரும் வாங்கிப் பார்த்தார்கள். "யாரு சுத்தினது?" என்று கேட்டவர்களிடம், "எங்க அண்ணன்" என்று நாத்தனார் முந்திக்கொண்டாள்.

பத்தே நாளில் சுற்றுகளின் ஓரம் சுருள ஆரம்பித்தது. இரண்டு வாரத்தில் நடுவில் பிரிந்து, உரித்த வெங்காயம் போல நின்றது. ஒயர்மேனால் நம்ப முடியவில்லை. மறுபடி சுற்றினார், இன்னும் இழுத்து. மறுபடியும் அதே கதை. மூன்றாவது முறை ஓரமெல்லாம் லேசாகப் பசை தடவினார். கை மட்டையோடு ஒட்டிக்கொண்டதே தவிர வேறு பலன் இல்லை.

"உனக்குக் கை ரொம்ப வேர்க்குது" என்றார் கடைசியில். "இல்லேன்னா மட்டையை இறுக்கிப் பிடிக்கிறே. வேற ஒண்ணும் இருக்க வழியில்லை."

அவள் மறுத்துப் பேசவில்லை. கையைப் பற்றி யார் என்ன சொன்னாலும் மறுத்துப் பேசாத பழக்கம் அவளுக்குச் சின்ன வயதிலேயே வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் எழுதிக்கொண்டே போனால் உள்ளங்கை மையைத் துடைத்துக்கொண்டு போகும், உன் கைதான் சரியில்லை என்றார்கள். கத்தரிக்கோல் துணியை மென்று துப்பும், அதற்கும் கைதான் காரணம். அவள் யாரிடமும் குறைப்பட்டுக்கொண்டதில்லை. நோட்டைச் சாய்த்து வைத்து எழுதினாள், கத்தரிக்கோலை வலது கையில் பிடிக்கப் பழகினாள். அதே மாதிரி இப்போது இடுப்பில் ஒரு சின்னத் துண்டைச் செருகிக்கொண்டாள். ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் உள்ளங்கையைத் துடைத்தாள். துண்டு நனையவே இல்லை. அது ஏன் என்று அவள் யோசிக்கவும் இல்லை.

மருத்துவமனை ஊழியர்களுக்கு இரட்டையர் போட்டி வைத்தார்கள். அண்ணியும் நாத்தனாரும் எப்படியோ அரையிறுதி வரைக்கும் வந்துவிட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒயர்மேனுக்கு ஒரு கல்யாண மண்டபத்தில் வேலை, வரவில்லை. எதிரணியில் பல் டாக்டரம்மாவும் எக்ஸ்ரே பிரிவுப் பெண்ணும். பல் டாக்டரம்மா உயரமானவர், அதிகம் பேசாதவர். அவரும் இடது கைக்காரர்.

முதல் செட் போயிற்று. இரண்டாவதில் மூன்றுக்கு மூன்று. லெஃப்ட் அக்கா சர்வ் போடக் கையை ஓங்கினாள். உள்ளங்கைக்குள் கிரிப் வழுக்கிக்கொண்டு திரும்பியது. பந்து வலையையும் தாண்டாமல் கோட்டுக்குள்ளும் விழாமல், பக்கவாட்டில் நடுவர் நாற்காலிக்குக் கீழே வைத்திருந்த தண்ணீர் பாட்டில்களில் போய் மோதியது. மூன்று பாட்டில் உருண்டது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கைதட்டினார்கள். அவளும் சிரித்துவிட்டாள், ஆனால் முகம் சூடாகிவிட்டது. மட்டையிலிருந்து ஒரு முழம் வெள்ளை நாடா தொங்கிக்கொண்டிருந்தது.

பல் டாக்டரம்மா வலைப் பக்கமாக வந்தார். "குடுங்க, பாக்கலாம்."

வாங்கியவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிற மாதிரியே கைப்பிடியைச் சாய்த்து வைத்துப் பார்த்தார். விரலால் ஒரு ஓரத்தைத் தடவினார்.

"சுத்தினவர் நல்ல வேலைக்காரர். ஆனா வலது கைக்காரர்தானே?"

"ஆமா டாக்டர். எங்க வீட்டுக்காரர்."

"அதான். இது வலது கைக்குச் சுத்தினது. நமக்கு இதை எதிர்ப் பக்கமா சுத்தணும். இப்படிச் சுத்தினா ஓரமெல்லாம் நம்ம விரலைப் பாத்துத் தெறந்து நிக்கும். நீங்க ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் உங்க விரலே அதைத் தள்ளித் தள்ளி உரிச்சுடும்."

"எனக்குக் கை வேர்க்குதுன்னு நெனச்சேன்."

"எங்க, காட்டுங்க." அவள் உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்தார். "காஞ்ச கை. உங்க கைல ஒண்ணும் இல்லை."

இதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார், சொத்தைப் பல் இல்லை என்று சொல்வது போல. லெஃப்ட் அக்கா உள்ளங்கையைத் திருப்பி ஒரு முறை பார்த்துக்கொண்டாள். பல் டாக்டரம்மா தன் பையிலிருந்து இன்னொரு மட்டையை எடுத்து நீட்டினார். "இன்னிக்கு இதை வச்சு ஆடுங்க. நடுவர் ஒண்ணும் சொல்ல மாட்டார்."

அந்த மட்டையைப் பிடித்ததும் விரல்கள் தாமாக உட்கார்ந்தன. எதுவும் இடறவில்லை. அதற்கப்புறம் அவள் துண்டைத் தொடவே இல்லை. இரண்டாவது செட்டையும் மூன்றாவது செட்டையும் ஜெயித்தார்கள்.

"என் ராக்கெட்டாலயே என்னை வீட்டுக்கு அனுப்பிட்டீங்க" என்று கைகுலுக்கினார் பல் டாக்டரம்மா. அவருக்கு அதில் வருத்தம் இருந்த மாதிரி தெரியவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் நாத்தனார் குதித்துக்கொண்டு வந்தாள். "இப்பவே அண்ணன்கிட்ட சொல்றேன். ஊருக்கெல்லாம் ஜாயின்ட் போடுறவர் சொந்தப் பொண்டாட்டிக்குத் தலைகீழா சுத்தி வச்சிருக்கார்."

"நீ சும்மா இரு. நான் சொல்லிக்கிறேன்."

"எப்ப?"

"சொல்லிக்கிறேன்னு சொன்னேன்ல."

திங்கள் போயிற்று, செவ்வாயும் போயிற்று. தொங்கிய நாடாவை அவர் மறுபடி சுற்றி வைத்ததையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்குப் பெருமையே ஒரு சுற்றில்தான் இருக்கிறது, அதில் போய் எப்படிக் கை வைப்பது என்று தள்ளிப்போட்டாள். இறுதிப் போட்டி ஞாயிற்றுக்கிழமை. புதன்கிழமை மதியம் இரண்டு பேருக்கும் வீட்டில் ஓய்வு. சாப்பிட்டு முடித்ததும் ஒயர்மேனே மட்டையை எடுத்துக்கொண்டு வந்தார்.

"ஒரு வழி கண்டுபிடிச்சுட்டேன். ஒயருக்கு மேல போட்டுச் சூடு காட்டுவோம்ல, அந்த ரப்பர் உறை. அதுல பெரிய சைசு இருக்கு. போட்டு ஹீட் கன்னைக் காட்டினா ஒட்டிக்கும். அப்புறம் உன் பேரன் வந்தாக்கூடப் பிரிக்க முடியாது."

இனியும் சும்மா இருந்தால் மட்டையே உருகிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது.

"ஏங்க, நீங்க சுத்துறதுல ஒரு தப்பும் இல்லை. ஆனா உங்க கைக்குச் சுத்துறீங்க."

அவருக்குப் புரியவில்லை. பல் டாக்டரம்மா சொன்னதை அப்படியே சொன்னாள். அவர் முகம் சுருங்கியது. மட்டையை வலது கையில் பிடித்தார், இறுக்கித் தேய்த்துப் பார்த்தார். வழவழவென்று இருந்தது. இடது கைக்கு மாற்றினார். மாற்றித் தேய்த்ததும் ஓரம் ஒன்று அவர் விரலோடு எழும்பி வந்தது. இன்னொரு முறை தேய்த்தார். இன்னொரு ஓரமும் எழும்பியது.

"இத்தனை நாளா ஏன் சொல்லலை?"

"எனக்கே ஞாயித்துக்கெழமைதான் தெரியும். அதுவரைக்கும் என் கைதான் சரியில்லைன்னு இருந்தேன்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "நான்தானே அப்படிச் சொன்னேன்" என்றார் மெதுவாக.

"நீங்க மட்டுமா சொன்னீங்க?" என்று அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. எழுந்து போய் வேலைப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்.

"மேல இருக்கிறதை மட்டும் மாத்தினா போதாது. அடியில இருக்கிற பழசும் வலது பக்கமாத்தான் சுத்தியிருக்கும். எல்லாத்தையும் எடுத்துடுவோம்."

வெள்ளை நாடா வந்தது. கறுப்பு கிரிப் துண்டு துண்டாக வந்தது. அடியில் அடித்திருந்த பின்னைக் குறடால் பிடுங்கினார். பசைக் கறையைத் தின்னர் தொட்ட துணியால் துடைத்தார். உள்ளே எட்டுப் பட்டையுள்ள கைப்பிடி வெளியே வந்தது. இரண்டு பேரும் அதை இப்போதுதான் பார்க்கிறார்கள். "பென்சில் மாதிரி இருக்கே" என்றாள் அவள். அவர் ஒவ்வொரு பட்டையாகக் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தார்.

நாத்தனார் வாங்கிக் கொடுத்திருந்ததில் புது அடிக் கிரிப் ஒன்றும் மேலே சுற்ற மூன்று சுருளும் இருந்தன. ஒயர்மேன் எதிர்ப் பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தார். கை கேட்கவில்லை. முப்பது வருடம் ஒரே பக்கம் சுற்றிய கை, மூன்றாவது சுற்றில் தன் போக்கில் திரும்பியது. பிரித்து மறுபடி சுற்றினார். நடுவில் இடைவெளி விழுந்தது. நெற்றியில் வேர்வை துளிர்த்தது.

"உங்களுக்குத்தான் வேர்க்குது" என்றாள்.

இப்போது அவரும் சிரித்துவிட்டார். "நீயே சுத்து, வா. உன் கைக்கு இது நேர்ப்பக்கம்."

அவள் தரையில் அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். ஊசி போடும்போது நாளத்தைத் தேடி நிற்கிற அதே விரல்கள்தான். அவர் மட்டையைக் கிடத்திப் பிடித்து மெதுவாக உருட்டிக் கொடுக்க, அவள் நாடாவை இழுத்துப் பிடித்து ஏற்றிக்கொண்டே போனாள். "இழு, இன்னும் கொஞ்சம். போதும். ஒரு நூல் ஏறட்டும்" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். பாதிக்கு மேல் சொல்வதை நிறுத்திவிட்டார். உச்சியில் டேப்பை அவளே ஒட்டினாள்.

அவர் வாங்கி வலது கையில் பிடித்துப் பார்த்தார். "எனக்கு உறுத்துதே."

"உறுத்தட்டும்."

வியாழனும் வெள்ளியும் ஆடிப் பார்த்தாள். ஓரம் அசையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒயர்மேன் எந்த வேலையையும் ஒப்புக்கொள்ளவில்லை. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வேலி ஓரமாகப் பல் டாக்டரம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆட்டம் அவருக்குப் புரியாது. எதிரணிக்குப் பாயின்ட் விழும்போதும் இரண்டு முறை கைதட்டிவிட்டார். நாத்தனார் மைதானத்துக்குள்ளிருந்தே முறைத்தாள்.

எதிரில் பிசியோதெரபிப் பெண்கள் இரண்டு பேர், இவர்கள் வயதில் பாதி. அவர்கள் ஜெயிப்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. ஆனால் மூன்றாவது செட்டின் கடைசி வரை அவர்களை இழுத்தடித்தார்கள் அண்ணியும் நாத்தனாரும். லெஃப்ட் அக்கா ஒரு பந்தைக் குறுக்கே அடித்தாள். அது கோட்டைத் தொட்டுப் போன வேகத்தில் எதிரில் இருந்தவள் நின்ற இடத்திலிருந்து நகரவே இல்லை, நின்றபடியே மட்டையில் தட்டிப் பாராட்டினாள். முடிவில் இரண்டு பாயின்டில் தோற்றார்கள்.

நாத்தனார் கடைசிப் பந்து உள்ளேதான் விழுந்தது என்று நடுவரிடம் பத்து நிமிடம் வாதாடினாள். லெஃப்ட் அக்கா வேலி ஓரம் வந்து பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். கால் இரண்டும் கனத்தன. தோற்ற மாதிரியே இல்லை, பசி மட்டும் நன்றாகத் தெரிந்தது.

பல் டாக்டரம்மா அவள் மட்டையை வாங்கிக் கைப்பிடியைத் தடவிப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்த ஒயர்மேனைப் பார்த்தார். "நல்லா சுத்தியிருக்கீங்க. என்னோடது ரெண்டு இருக்கு, கொண்டுவந்தா சுத்தித் தருவீங்களா? நானே சுத்தினா கோணலா வருது."

"நான் சுத்தலைங்க" என்றார் ஒயர்மேன். மனைவியின் பக்கம் கையைக் காட்டினார். "அது அவங்க வேலை. நான் உருட்டிக் குடுக்கிற ஆளு."

லெஃப்ட் அக்கா வாயைத் துடைத்துக்கொண்டாள். "புதன்கிழமை மதியம் வீட்ல இருப்போம் டாக்டர். சாப்பிட வந்துடுங்க, அப்படியே சுத்திடலாம்."

அதற்குள் நாத்தனார் வாதாடி முடித்துவிட்டு, யார் சொன்னதும் காதில் விழாதவளாக, "அண்ணி, அவன் கண்ணாடி போடாம நடுவரா உக்காந்திருக்கான்" என்று சொல்லிக்கொண்டே பெஞ்சில் பொத்தென்று வந்து விழுந்தாள்.