பவுடர் பூசாத முகம்

பால் கொடுக்க, கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து ஓடிவந்த எனக்கு, பிள்ளைக்காம்பராவில் என் மகளை அடையாளமே தெரியவில்லை. வேலைக்குப் போகும் தாய்மார் விட்டுச்சென்ற ஆறு குழந்தைகளும் ஒரே பவுடரில் வெளுத்துப்போய் இருந்தார்கள்.

வாசனைப் பவுடர் பட்டாலே என் மகளுக்குத் தோல் தடித்துவிடும். அதற்காகத்தான் புளத்கொகுபிட்டியவில், றஊப் நானாவின் கடையில், ஒவ்வொன்றாக மோந்துபார்த்து, வாசனையே இல்லாத ஒரு கிறீமைத் தேடி வாங்கினேன். அது அவளுடைய பையில் நான் வைத்தபடியே கிடந்தது.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே ஆயம்மா, பவுடர் போடாதீங்கன்னு!"

"கோவிச்சுக்காத சுதர்ஷினி. கொழும்புல இருந்து கம்பனி ஆளுங்க போட்டோ புடிக்க வாறாங்க. புள்ளைங்க எல்லாம் பளிச்சுன்னு இருக்கணும்னு தோட்டத்துத் தொரை சொல்லிட்டாரு."

"சுண்ணாம்பு அடிக்க எம்புள்ள என்ன செவுரா?"

ஈரத்துணியால் துடைத்தேன். பவுடருக்கு அடியில் கன்னம் இரண்டும் சிவந்து தடித்திருந்தன. மகள் வீரிட்டு அழுதாள். வெளியே வாகனம் வந்து நின்றது. ஆயம்மா பதறிப்போய் மறுபடியும் பவுடர் டின்னை எடுத்தார்.

"ஒரு நிமிசம், லேசாப் பூசிர்றேன்."

டின்னைப் பிடுங்கி ஜன்னல் வழியாக, அழுக்குத் தண்ணீர் ஓடும் கானுக்குள் எறிந்தேன். மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலை மறித்து நின்றேன். கெமராவோடு இறங்கியவர்களுக்கு நன்றாக விளங்கட்டும் என்று சிங்களத்திலேயே சொன்னேன்:

"வாங்க. மொதல்ல இந்த முகத்தப் போட்டோ புடிங்க."