இடது கன்னமா, வலது கன்னமா

படம் எடுத்தபோதுகூட சலூன்காரருக்கு இவ்வளவு தலை சுற்றவில்லை. அதைப் பார்த்தவர்கள் இணையத்தில் எழுதியதைப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் சுற்றியது.

படத்தின் பெயர் ‘பக்கத்து நாற்காலி’. தன் கன்னத்தைக் கத்தியால் கிழித்துவிட்டு ஓடிப்போனவனைத் தேடிப் பிடித்துப் பழிவாங்கும் ஒரு சலூன்காரனின் கதை. எழுதியது, இயக்கியது, நடித்தது எல்லாம் அவரே. கேமரா என்பது அவருடைய செல்போன், கேமராமேன் என்பது அவர் மனைவி. வில்லனாக நடித்தவர் அந்தத் தெருவுக்குப் பார்சல் கொண்டுவரும் கூரியர்காரர். கடைக்கு விடுமுறை விட்ட நாட்களில் கடைக்குள்ளேயே எடுத்து முடித்தார்கள். கதாநாயகனின் தழும்புக்கு மேக்கப் செலவுகூடக் கிடையாது. அது நிஜத் தழும்பு, அவருடைய சொந்தத் தம்பி போட்டது.

தம்பியும் அவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் வேலை பார்த்தவர்கள். ஒருநாள் வாடிக்கையாளர் ஒருவர், அண்ணன் சும்மா நின்றுகொண்டிருந்தும், தம்பிதான் வேண்டும் என்று பெஞ்சிலேயே காத்திருந்தார். பிடித்தது சனியன். வாய்ச்சண்டை கைகலப்பாகி, தம்பியின் கையில் சவரக்கத்தி இருந்ததை இருவருமே மறந்துபோனார்கள். ரத்தத்தைப் பார்த்ததும் தம்பி கடையை விட்டு ஓடினான். சில வருடங்களாகிவிட்டன. போன் நம்பரையும் மாற்றிவிட்டான்.

எனவே படம் ஒரே ஒரு ஆளுக்காக எடுக்கப்பட்டது. எந்த மூலையில் இருந்தாலும் தம்பி அதைப் பார்க்க வேண்டும், பார்த்து நடுங்க வேண்டும். இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று போட்டுவிட்டு, அவன் எழுதினானா என்று தினமும் தேடினார்.

அவன் எழுதவில்லை. மற்றவர்கள் எழுதித் தள்ளினார்கள்.

நாயகனுக்குக் கண்டிப்பாக ஓர் இரட்டைச் சகோதரன் உண்டு, அதனால்தான் தழும்பு ஒரு காட்சியில் இடப்பக்கமும் அடுத்த காட்சியில் வலப்பக்கமும் இருக்கிறது, என்ன மூளை இந்த இயக்குநருக்கு என்று ஒருவர் வியந்திருந்தார். இரட்டையும் இல்லை, ஒன்றும் இல்லை, நாயகன் முதல் காட்சியிலேயே செத்துவிட்டான், மீதி முழுக்க அவன் ஆவி என்றார் இன்னொருவர். மூன்றாமவர் கதையைத் தொடவே இல்லை, எல்லாக் காட்சியிலும் ஃபேன் சத்தம் கேட்கிறது என்று மட்டும் வருத்தப்பட்டிருந்தார்.

சலூன்காரர் படத்தை மறுபடி போட்டுப் பார்த்தார். அவர் கண்ணுக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? தானும் நடித்து, தன்னையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்ததால் பாதிப் படத்தைப் போனின் முன்பக்கக் கேமராவில் எடுத்திருந்தார். அது கண்ணாடி மாதிரி இடவலம் மாற்றிக் காட்டிவிட்டது. மனிதர் விடிந்தால் அடைந்தால் எல்லார் முகத்தையும் கண்ணாடியில் பார்த்தே பிழைப்பவர். கண்ணாடியில் தெரிவதுதான் அவருக்கு நேர். மனைவி சரியாக எடுத்த காட்சிகள்தான் அவருக்கு என்னவோபோல் இருந்தன. தன் நடிப்பு சரியில்லை என்று நினைத்துக்கொண்டார்.

பெரிய சண்டை கடைசிக் காட்சியைப் பற்றி நடந்தது. வில்லனை நாற்காலியில் உட்காரவைத்து, நுரை தடவி, முழு சவரமும் செய்து முடித்து, கத்தியைத் தொண்டையில் வைக்கிறான் நாயகன். அத்துடன் திரை இருண்டுவிடுகிறது. கொன்றானா, விட்டானா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொண்டார்கள். பழிவாங்குகிறேன் என்று போய் ஆளை இவ்வளவு பக்குவமாகச் சவரம் செய்தவன் எங்கே கொல்லப்போகிறான் என்று ஒரு பெண் எழுதியிருந்தார். அதைப் படித்ததும் சலூன்காரருக்குக் கோபம் வந்தது. கோபம் ஏன் வந்தது என்று யோசித்தால் அதுவும் புரியவில்லை.

நடந்தது இதுதான். அந்த இடத்தில் போனில் சார்ஜ் தீர்ந்தது. மறுபடி எடுக்கலாம் என்றால் கூரியர்காரரின் தாடி மழமழவென்று போய்விட்டது. அது வளர்வதற்குள் அவருக்கு வேறு பக்கம் மாற்றலாகிவிட்டது. வேறு ஆளை வைத்து எடுத்திருக்கலாம். சலூன்காரர் எடுக்கவில்லை.

ஒரு மதியம், கடையில் யாரும் இல்லாதபோது, தாடி மண்டிய ஒருவன் உள்ளே வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். கண்ணாடியில் பார்த்ததுமே தம்பி என்று தெரிந்துவிட்டது. அடிக்க வேண்டும், கத்த வேண்டும், கட்டிக்கொள்ள வேண்டும் என்று எல்லாம் ஒரே நேரத்தில் தோன்றி, எதுவும் வரவில்லை. பழகிய கை போர்வையை உதறி அவன் கழுத்தில் கட்டியது. நுரை தடவினார். கத்தியில் புது பிளேடு மாட்டினார்.

கத்தி தொண்டைக்கு வந்தபோது தம்பி கண்ணாடியைப் பார்த்துப் பேசினான்.

“படம் பார்த்தேன். ஒண்ணுமே புரியல. கடைசியில என்னைக் கொன்னியா, இல்லையா?”

“போன்ல சார்ஜ் போயிடுச்சு.”

“போகலன்னா?”

சலூன்காரர் கத்தியைத் தொண்டையிலிருந்து விலக்கினார். எத்தனையோ பேர் அவரவர் பாட்டுக்குப் பதில் எழுதியிருந்தார்கள்.

“தெரியலடா,” என்றார்.

தம்பி காலை ஊன்றி நாற்காலியைச் சுழற்றினான். கண்ணாடி முதுகுப் பக்கம் போயிற்று. முகத்துக்கு முகம் வந்தது. அவன் தன் கையைப் போர்வைக்கு வெளியே எடுத்து, அண்ணன் முகத்தருகே கொண்டுவந்து, கண்ணீர் பார்வையை மறைக்க, எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுமாறினான்.

“அன்னிக்கு ரத்தத்தைப் பாத்ததும் ஓடிட்டேண்ணா, எங்க பட்டுச்சுன்னு பாக்கல. படத்துல ரெண்டு பக்கமும் இருக்கு. எந்தப் பக்கம்தான் வெட்டினேன்?”

சலூன்காரர் அந்தக் கையைப் பிடித்துத் தன் இடது கன்னத்தில் வைத்தார். தழும்பின் மேல் தம்பியின் விரல்கள் நடுங்கின. நடுங்க வேண்டும் என்றுதானே படம் எடுத்தார்? அந்த நடுக்கத்தை அவரால் தாங்க முடியவில்லை. தம்பியின் தோள்கள் குலுங்கின, நுரையோடு கண்ணீரும் வழிந்தது. அண்ணன் கத்தியைச் சட்டென்று பின்னுக்கு இழுத்தார்.

“ஆடாதடா,” என்றார். “பட்டுடப்போகுது.”