ரேடியோ டாக்டரின் தொண்டை

கிளினிக்குக்கு வருகிறவர்கள் டாக்டருக்கு ரேடியோ என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும். அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு. கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்க்கும்போது அவரால் சும்மா இருக்க முடியாது. மழை, காய்கறி விலை, மகளின் பரீட்சை என்று ஆரம்பித்தால், பட்டையில் காற்று இறங்கினாலும் பேச்சு இறங்காது. எதிரில் இருப்பவரும் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும்? வாயைத் திறக்காமல் வைத்தியம் பார்க்கிற டாக்டர்கள் மேல் அவருக்கு ஓர் இளக்காரம்.

அப்பேர்ப்பட்டவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. தொண்டை டாக்டரான நண்பர் சோதித்துவிட்டு, ஒரு வாரத்துக்கு முணுமுணுக்கக்கூடக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். வீட்டில் எல்லாரும் வருத்தப்படுவது போல் நடித்தார்கள். மனைவிக்கு மட்டும் நடிப்பு வரவில்லை.

கிளினிக்கை மூட மனம் வராமல், மேஜையில் ஒரு சிலேட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதலில் வந்தவர் வேன்காரம்மா. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வேன் ஓட்டுவது அவர் வேலை. அவருடைய பிரஷர் எதற்கும் மசிவதாக இல்லை. எப்போது பார்த்தாலும் நூற்றைம்பதுக்கு மேல்தான். ஏற்கெனவே இரண்டு மாத்திரை ஓடிக்கொண்டிருந்தது. இன்றைக்கு மூன்றாவதைச் சேர்த்துவிடுவது என்று டாக்டர் முடிவு செய்து, சீட்டில் எழுதியும் வைத்திருந்தார்.

பட்டையைச் சுற்றினார். மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது. வேன்காரம்மா டாக்டரின் முகத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், பிறகு கண்ணை மூடிக்கொண்டார். அளவு நூற்றிருபதில் வந்து நின்றது. டாக்டர் நம்பாமல் மறுபடி பார்த்தார். அதேதான். சைகை காட்டி எழுந்து நிற்க வைத்துப் பார்த்தால் நூற்றுக்கும் கீழே. வேன்காரம்மா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

பேசிக்கொண்டே பார்த்தால் அளவு ஏறும் என்பது படிக்கிற காலத்துப் பாடம். பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியவர்தான். வந்ததும் வராததுமாக உட்காரவைத்து, வாயைக் கிளறி, அந்த அளவை நம்பி இத்தனை நாளாக மாத்திரையை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார்.

தலை சுற்றுகிறதா என்று சிலேட்டில் எழுதிக் காட்டினார்.

“ரொம்ப நாளா சுத்துது டாக்டர். சொல்லணும்னுதான் ஒவ்வொரு தடவையும் வருவேன். நீங்க பேசிட்டு இருப்பீங்க. நடுவுல எப்படிச் சொல்றதுன்னு அப்படியே போயிடுவேன்.”

டாக்டர் சிலேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அமைதியில் வேன்காரம்மா மீதியையும் சொன்னார். போன வாரம் சிக்னலில் இறங்கி ஒரு பிள்ளை சரியாகச் சாத்தாத கதவைச் சாத்திவிட்டு ஏறியபோது கண் இருட்டிக்கொண்டு வந்ததாம். வண்டியை ஓரம் கட்டிவிட்டு, சும்மா நிற்பது போல் நின்றாராம்.

“பின்னாடி புள்ளைங்க பாடிட்டு இருந்தாங்க. எனக்கு ரோடே தெரியல. இன்னிக்கு வேன் சாவியைத் திருப்பிக் கொடுத்துடலாம்னு இருக்கேன்.”

டாக்டர் சீட்டை எடுத்தார். எழுதி வைத்த மூன்றாவது மாத்திரையை அடித்தார். இரண்டாவதையும் அடித்தார். வேலையை விட வேண்டாம், நான் சொல்லும்வரை லீவு மட்டும் போடுங்கள், தப்பு என்னுடையது என்று சிலேட்டில் எழுதினார். கடைசி வார்த்தைக்கு இடம் போதாமல் ஓரத்தில் நெருக்கி எழுத வேண்டியிருந்தது.

அடுத்த வாரம் டாக்டருக்குக் குரல் திரும்பியிருந்தது. வேன்காரம்மாவைச் சாய்ந்து உட்காரவைத்து, தானும் எதிரில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். சிரமமாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் பட்டையைத் தொட்டார். உட்கார்ந்தாலும் நின்றாலும் அளவு ஒழுங்காக இருந்தது. தலைச்சுற்றலும் போயிருந்தது. திங்கட்கிழமையிலிருந்து வேன் எடுக்கலாம் என்றார்.

வேன்காரம்மா சிரித்தார். “இப்பப் பேசுங்க டாக்டர். பாவம், எவ்வளவு நேரம் அடக்கி வைப்பீங்க?”

ஒரு வாரத்துப் பேச்சு டாக்டரின் தொண்டை வரைக்கும் வந்து நின்றது.

“நீங்க சொல்லுங்கம்மா,” என்றார். “வேற என்னெல்லாம் சொல்லாமப் போனீங்க?”

வாசல் கதவு சாத்தியிருக்கிறதா என்று வேன்காரம்மா திரும்பிப் பார்த்தார். பிறகு நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.