மேலே ஓடு

ஜெபக்கனி வரைந்து கொடுத்த பிரசவ ஆஸ்பத்திரி செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு ஓடிப்போனது. அதன்மேல் குற்றமில்லை. வரைபடத்தில் கூரைக்கான இடத்தில் ‘மேலே ஓடு’ என்று அவள்தான் தன் கைப்பட எழுதியிருந்தாள்.

அவள் சொன்னது கூரைக்குப் போடும் மண் ஓட்டை. வெயிலை உள்ளே இறங்க விடாத ஓடு. ஆனால் அஸ்திவாரம் போட்ட அன்றைக்கு, இது சொன்ன பேச்சைக் கேட்கிற கட்டடமாக இருக்க வேண்டும் என்று ஆண்டவரிடம் வேண்டியிருந்தாள். அது கேட்டது. ஊருக்கு மேற்கே இருந்த பாறைக் கரட்டில் ஏறி ஓடியது.

யூசுப் மூச்சிரைக்க அவள் வீட்டுக்கு வந்தான்.

“அக்கா, ஒங்க கட்டடம் எம் பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு ஓடிருச்சு.”

“மைதீன் பாத்துவையா? நிறைமாசமாச்சே.”

“வலி எடுத்துப் படுத்திருந்தா. நான் டீ வாங்கப் போனேன். வந்து பார்த்தா வெறுந்தரைதான் கெடக்கு. ஊர்ல என்ன பேசுவாங்க?”

“நர்ஸம்மா?”

“அவங்களும் உள்ளதான்.”

“அப்ப ஒண்ணும் பேச மாட்டாங்க. அது நல்ல கட்டடம், யூசுப்.”

“நல்ல கட்டடம்னு நம்பித்தானே விட்டுட்டுப் போனேன்.”

கத்திரி தொடங்கி எட்டு நாள். நாற்பத்து மூன்று டிகிரி. ஓடினால் யாருக்கும் உடம்பு சுடும், கட்டடத்துக்கும்தான். அந்தச் சூட்டுக்குள் ஒரு பிள்ளை பிறக்கக் கூடாது. ஜெபக்கனி வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டாள். மைதீன் பாத்துவுக்கென்று ஒரு பாட்டில் தண்ணீரும் எடுத்துக்கொண்டாள்.

கரடு மற்ற நாளில் இருநூறு அடி. அன்று இருவரும் ஏற ஏற வளர்ந்தது. பாதி வழியில் கட்டட அனுமதி அலுவலகம் உட்கார்ந்திருந்தது. போன வாரம்வரை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்தது. நிழலைத் தேடி வந்திருக்கும்.

உள்ளே எழுத்தர் தங்கப்பழம் முழங்கால்வரை உருகியிருந்தார். அதைப் பார்ப்பது மரியாதை இல்லை என்று ஜெபக்கனி அவர் முகத்தை மட்டும் பார்த்தாள்.

“ஓடுற கட்டடம் அசையும் சொத்து. நான் பாக்குறது அசையாச் சொத்தும்மா” என்றார் அவர்.

“எழுத்தை மாத்தினா நின்னுரும் அண்ணாச்சி. ‘கீழே ஓடு’ன்னு போடட்டுமா?”

“போடலாம். எறங்கி வந்துரும். ஓடும் தரைக்குப் போயிரும். கூரைக்கு என்ன செய்வீக?”

அவள் யோசித்தாள். “‘ஓடுகள்’னு பன்மையில போட்டா? அதக் கேட்டு யாரும் ஓட மாட்டாக.”

“கள்ளு வருதே. மதுவிலக்குப் பிரிவுல தடையில்லாச் சான்று வாங்கணும். அதுவும் பிள்ளை பெறுற எடத்துல.”

“ஒரு கோடு போட்டு அடிச்சிட்டா?” என்றான் யூசுப்.

“திருத்தத்துக்கு நாப்பது நாள் ஆகும்.”

“பிள்ளைக்கு அவ்வளவு பொறுமை கெடையாது சார்.”

தங்கப்பழம் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் தொடைவரை உருகிவிட்டார். இருந்தாலும் பேனாவை மூடிவைத்தார். ஒழுங்கான மனிதர்.

ஜெபக்கனி பாட்டிலைப் பார்த்தாள். யூசுப்பும் பார்த்தான். பிறகு அவன் எழுத்தரின் காலைப் பார்த்தான்.

“குடுங்கக்கா” என்றான்.

தங்கப்பழம் சரியாகப் பாதி பாட்டில் குடித்தார். முழங்கால் வந்தது. பிறகு பாதம் வந்தது, செருப்போடு. அவர் கொஞ்ச நேரம் விரல்களை அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். குரலைத் தாழ்த்தினார்.

“திருத்தத்துக்குத்தான் அனுமதி வேணும். விட்டுப்போனதை எழுத அனுமதி வேண்டாம். எதையாவது எழுத விட்டுட்டீகளாம்மா?”

விட்டிருந்தாள். ஓடு இரண்டு அடுக்காக இருக்க வேண்டும், நடுவில் நான்கு விரல் சந்து, சூடு அதன் வழியே காற்றோடு போய்விட வேண்டும் என்பதுதான் அவள் எண்ணம். ஒரு அடுக்கே போதும் என்று காண்டிராக்டர் சொன்னார். அவரை மறுத்துப் பேசக் கூச்சப்பட்டு எழுதாமல் விட்டாள்.

ஜெபக்கனி பென்சிலை எடுத்தாள். பெரிய விஷயங்களைக் கேட்டு ஆண்டவரைத் தொந்தரவு செய்ய அவளுக்குப் பிடிக்காது. முனை உடையாமல் இருக்க மட்டும் வேண்டிக்கொண்டாள். ‘மேலே ஓடு’ என்பதற்கு அடுத்து ‘இரு அடுக்கு’ என்று எழுதினாள்.

கட்டடம் எழுத்துக் கூட்டி வாசிக்கிற ரகம். ‘இரு’ என்றதும் மேலே ஓட்டச் சத்தம் நின்றது. கரடும் வளர்வதை நிறுத்தியது. ‘அடுக்கு’ என்றதும் ஓட்டின்மேல் ஓடு அடுக்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

உச்சியில் ஆஸ்பத்திரி கால் நீட்டி உட்கார்ந்து இரைத்துக்கொண்டிருந்தது. கதவும் சன்னல்களும் இறுக மூடியிருந்தன. சுவரில் கை வைக்க முடியவில்லை. உள்ளே மைதீன் பாத்து முனகினாள்.

“தொறக்குறியா, ஒடைக்கவா?” என்று யூசுப் கல்லை எடுத்தான்.

“கல்லைப் போடு. அது சொன்னதைத்தானே செஞ்சுது” என்றாள் ஜெபக்கனி.

மிச்சமிருந்த தண்ணீரை வாசற்படியில் ஊற்றினாள். “ஓடி வந்த களைப்பு. மொதல்ல குடி. மத்தது பெறகு.”

வாசற்படி மடக் மடக்கென்று குடித்தது. சுவர்களில் ஈரம் ஏறியது. மேற்குச் சன்னல் ஒன்று திறந்தது. அதைப் பார்த்துக் கிழக்குச் சன்னலும் திறந்தது. காற்று உள்ளே நுழைந்து எல்லோரையும் விசாரித்துவிட்டுப் போனது. சூடு ஓட்டுச் சந்து வழியாக, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் வெளியேறியது. சுவரில் தொங்கிய வெப்பமானியில் பாதரசம் ஒவ்வொரு படியாக இறங்கி இருபத்தாறில் உட்கார்ந்தது.

பிள்ளை அழுதது.

“பொம்பளப் பிள்ளை” என்று நர்ஸம்மா உள்ளேயிருந்து சொன்னார்.

பிறகு மைதீன் பாத்துவின் குரல் கேட்டது. மாசி மாதத்திலிருந்து அந்த ஊரில் யாரும் சொல்லாத ஒன்றை அவள் சொன்னாள்.

“அக்கா, குளிருது. பிள்ளைக்குப் போர்வை இருக்கா?”

யூசுப் கரட்டின் ஓரத்துக்குப் போய், கையைக் குவித்து ஊரைப் பார்த்துக் கத்தினான்.

“குளிருதாம்! போர்வை இருந்தா கொண்டு வாங்க!”

கீழே ஒரு கதவு திறந்தது. பிறகு எல்லாக் கதவுகளும் திறந்தன. நாற்பத்து மூன்று டிகிரி வெயிலில் ஊரே ஆளுக்கொரு போர்வையோடு மேலே ஓடி வந்தது. எல்லோருக்கும் முன்னால் தங்கப்பழம் ஓடி வந்தார், இரண்டு முழங்காலோடும்.