காயாத காலணி

திங்கட்கிழமை காலையில் குவபாரா டீச்சரின் கண் முதலில் போவது பிள்ளைகளின் காலுக்குத்தான். வகுப்பறைக்குள் போடும் வெள்ளைக் காலணியை வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைத்து, திங்களன்று பளிச்சென்று கொண்டுவர வேண்டும். கொண்டுவந்தவர் பெயருக்கு நேரே சுவர் அட்டையில் ஒரு செர்ரிப்பூ ஒட்டப்படும். ஐந்தாம் வகுப்பில் எல்லார் வரிசையிலும் பூ. இபுகியின் வரிசை மட்டும் மொட்டையாக இருந்தது.

ஒழுங்கு என்பது உப்பு மாதிரி. டீச்சரின் சமையலில் அது எப்போதும் ஒரு கை தூக்கல்தான்.

"நோட்டுல எழுதி அனுப்பினேனே, அம்மா படிச்சாங்களா?"

"படிச்சாங்க டீச்சர்."

"அப்புறம் என்ன கஷ்டம்? ஒரு ஜோடி ஷூ. ஞாயித்துக்கிழமை பூரா இருக்கு."

இபுகி தரையைப் பார்த்தபடி நின்றாள். அடுத்த திங்களன்று அவள் காலணி வெளுத்திருந்தது, ஆனால் தண்ணீர் சொட்டியது.

"மழை பெஞ்சுது டீச்சர். காயல."

"எல்லார் வீட்டுலயும்தான் மழை பெஞ்சுது."

தரை நனைகிறதென்று, விருந்தினருக்காக வாசலில் வைத்திருக்கும் பெரிய பச்சைச் செருப்பை அவளைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். அவள் அதை இழுத்து இழுத்து நடந்துவந்தபோது தெப்பேய் என்ற பையன், "விருந்தாளி வந்திருக்காங்க, டீ கொண்டாங்கடா" என்றான். வகுப்பே சிரித்தது. டீச்சருக்கும் லேசாகச் சிரிப்பு வந்துவிட்டது.

அதற்கடுத்த திங்களன்று இபுகி வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. பத்து நாளாகியும் வராததால், பதிவேட்டிலிருந்த முகவரிக்கு டீச்சர் போனார். கதவில் வேறு பெயர் இருந்தது.

"அவங்க மார்ச்லயே காலி பண்ணிட்டாங்களே" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "நெடுஞ்சாலை ஓய்விடத்துல அவங்க காரைப் பார்த்ததா எங்க வீட்டுக்காரர் சொன்னாரு."

ஓய்விடத்தில் கழிப்பறையைத் துடைத்துக்கொண்டிருந்த தொகுனாகா என்பவர் விவரத்தைக் கேட்டதும் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார்.

"அந்த ஷூ டீச்சர் நீங்கதானா?"

டீச்சர் தலையாட்டினார்.

"மூணு மாசமா தாயும் பொண்ணும் அதோ, அந்த மூலையில கார்லதான் இருந்தாங்க. மீன் ஆலை வேலைக்கு அம்மா காரை எடுத்துட்டுப் போயிடுவாங்க. பொண்ணு நாலு கிலோமீட்டர் நடந்து உங்க ஸ்கூலுக்கு வரும். முந்தாநாள் கிளம்பிட்டாங்க. எங்கேன்னு சொல்லல. வீடு இல்லேன்னு தெரிஞ்சா அதிகாரிங்க வந்து பொண்ணைப் பிரிச்சுக் கொண்டுபோயிடுவாங்கன்னு அந்தம்மாவுக்குப் பயம்."

"ஷூவை எங்க துவைச்சா?"

"இதே தொட்டியில, கை கழுவுற சோப்பு போட்டு. அப்புறம் கை உலர்த்துற மெஷினுக்குக் கீழ ஷூவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். கொஞ்ச நேரத்துல காத்து நின்னுடும். மறுபடி நீட்டும். யாராச்சும் வந்தா ஒதுங்கி வழிவிடும். எனக்கே மனசு கேக்காம, கடைசியா நானே வாங்கி மோட்டார் ரூம்ல காயப்போட்டேன். அதுக்கப்புறம் பொண்ணு ஸ்கூலுக்கே போகமாட்டேன்னுடுச்சு. ஷூவை எடுக்காமலே போயிட்டாங்க."

உள்ளே போய் ஒரு பையைக் கொண்டுவந்தார். காலணி நன்றாகக் காய்ந்து வெள்ளை வெளேரென்று இருந்தது. பின்புறம் உருண்டை எழுத்தில் இபுகி என்று எழுதியிருந்தது. டீச்சர் அதை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

"தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர்" என்றார் அவர். "ஷூ ஏன் காயலன்னு திட்டுனீங்க. எங்க காயப்போடுறேன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

மறுநாள் டீச்சர் அந்த அட்டையைச் சுவரிலிருந்து எடுத்தார். ஆசிரியர்கள் அறையில் எல்லாரிடமும் நடந்ததைச் சொன்னார்.

"வீட்டை இழந்த பிள்ளைக்கு மிச்சமிருந்தது ஒரு வகுப்பறைதான். அதையும் நான் பறிச்சுட்டேன். இனிமே ஒரு பிள்ளை அழுக்கா வந்தாலும், தாமதமா வந்தாலும், எங்கேருந்து வருதுன்னு முதல்ல கேப்போம். என்ன வேணும்னு கேப்போம். திட்டு எங்கயும் ஓடிடாது. பிள்ளைங்க போயிடுவாங்க."

பிறகு இபுகியைத் தேடினார். நகராட்சியில் கேட்டார், மீன் ஆலையில் கேட்டார், தகவல் இல்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இபுகியின் காலணியை வீட்டுக்கு எடுத்துப்போய்த் துவைத்து, திங்களன்று பள்ளி வாசல் காலணி அலமாரியில் அவளுடைய தட்டில் வைக்கிறார். வளரும் பிள்ளை. இனி வந்தாலும் அது அவள் காலுக்குப் பற்றாது.